அக்காவின் கைராசி

தெருவில் அவர்களைப் பெரியவள், சின்னவள் என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த வீட்டில் அக்காவும் தங்கையுமாக இரண்டே பேர். பெரியவள் முன்னறையில் தையல் மிஷின் போட்டுத் துணி தைப்பாள். சின்னவள் உள்ளறையில் கம்ப்யூட்டர் போட்டு, டாக்டர்கள் பேசிப் பதிவு செய்து அனுப்புவதைக் காதில் மாட்டிக் கேட்டு டைப் அடிப்பாள். அம்மா போனபோது சின்னவளுக்குப் பால்பல்கூட விழவில்லை. தலை வாரிவிட்டது, பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டது, காய்ச்சலில் கிடந்தால் கூடவே விழித்திருந்தது எல்லாம் அக்காதான். தனக்கென்று ஒரு கல்யாணம் காட்சி பார்த்துக்கொள்ளவில்லை. சின்னவளும் நாற்பதைத் தாண்டிவிட்டாள். ஏன் பண்ணிக்கொள்ளவில்லை என்று யாராவது வாயைக் கிளறினால், எங்க அக்காவைவிட நல்ல மாப்பிள்ளை கிடைக்கலை என்று சிரித்து மழுப்பிவிடுவாள்.

சின்னவள் வேலையில் கெட்டி. டாக்டர்கள் இருக்கிறார்களே, வார்த்தையை மென்று விழுங்கிப் பேசுகிற ஜாதி. அதிலும் மருந்துப் பெயர், அளவு எதையும் தப்பவிடாமல் பிடித்துவிடுவாள். விடியும்போது வருகிற பதிவுகளை, டாக்டர்கள் வார்டுக்குள் நுழைவதற்குள் அடித்து அனுப்பியாக வேண்டும். காலை நேரத்தில் தாமதம் என்ற பேச்சே கூடாது. அதுதான் அந்தத் தொழிலின் உயிர்நாடி.

அப்படியிருந்தவளுக்கு ஒரு நல்ல காலம் வந்தது. கம்பெனியின் மேலாளர் அம்மாள் தலைமை அலுவலகத்தில் இவளுக்கு ஒரு நிரந்தர இடம் பேசிவைத்திருந்தாள். வேறு ஊர், தங்க அறை, கீழே நாலு பேரை வைத்து வேலை வாங்குகிற பதவி. கொஞ்ச நாள் ஒழுங்காக நேரத்துக்கு அனுப்பிக் காட்டு, மேலே உள்ளவர்களிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்றிருந்தாள். சின்னவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. யாருடைய தங்கையாகவும் இல்லாமல் ஒரு ஊரில் நடந்து போவது எப்படி இருக்கும் என்று குளிக்கும்போதெல்லாம் நினைத்துப் பார்த்தாள். ஆனால் இந்தச் சேதியை அக்காவிடம் மட்டும் மூச்சு விடவில்லை. முதலில் கைக்கு வரட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டாள். ஒத்திகை பார்க்காமல் அக்காவிடம் அதைச் சொல்ல அவளால் முடியாது. சொல்கிற தைரியமும் இல்லை, அவ்வளவுதான்.

அந்த நேரம் பார்த்துத்தான் கம்ப்யூட்டர் மக்கர் பண்ண ஆரம்பித்தது. ஒரு நாள் காலையில் பட்டனை அமுக்கினாள். செத்த பிணம் மாதிரி கிடந்தது. விளக்கு இல்லை, விசிறிச் சத்தம் இல்லை. அன்றைக்கு அடித்துப் பிடித்துக்கொண்டு நெட் சென்டருக்கு ஓடி வேலையை முடித்தாள். திரும்பி வருவதற்குள் அக்கா தெருமுனைக் கம்ப்யூட்டர் கடைக்காரரைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லியிருந்தாள். மெஷின் ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது. என்னவாம் என்று கேட்டதற்கு, ஏதோ தூசியாம், ஊதிவிட்டுப் போனான் என்றாள் அக்கா.

நாலு நாள் கழித்து மறுபடியும் அதே கதை. கடைக்காரரைக் கூப்பிடலாம் என்றால் அக்கா ஒரே பிடியாக நின்றாள். அவன் தலையைத் தடவிவிடுவான், நல்ல பாகத்தைக் கழற்றிக்கொண்டு ஓட்டை உடைசலை மாட்டிவிடுவான், நாமே பார்ப்போம் என்றாள். சரியென்று சின்னவளே திருப்புளியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முதலில் சுவரில் இருக்கிற பிளக்கைச் சந்தேகப்பட்டாள். அதில் இஸ்திரிப் பெட்டியைச் சொருகினால் சூடாகிறது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸை மாற்றினாள், வயரை மாற்றினாள், பின்னாலிருக்கிற ஸ்விட்சைத் தட்டிப் பார்த்தாள். பக்கத் தகட்டைக் கழற்றி ரேம் என்கிற நினைவகப் பட்டையை உருவி, துடைத்து, திரும்பச் சொருகினாள். உள்ளே சர்க்யூட் பலகையில் ஒரு பச்சை விளக்கு மட்டும் மினுக்கென்று எரிந்தது. கரண்ட் வருகிறது, ஆனால் எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. என்ன கொழுப்பு பார்த்தீர்களா!

பக்கத்திலேயே உட்கார்ந்து டார்ச் அடித்தது அக்காதான். உள்ளே நன்றாகத் தெரியட்டும் என்று கை வலிக்க வலிக்கப் பிடித்துக்கொண்டிருப்பாள். தங்கைக்கு வியர்த்தால் முந்தானையால் துடைத்துவிடுவாள். கடைசியில், நீ போய் அந்தம்மாவுக்கு ஃபோன் பண்ணி விஷயத்தைச் சொல்லு, நான் அதுவரைக்கும் பார்க்கிறேன் என்பாள். சின்னவள் வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டுவிட்டு உள்ளே வந்தால் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்.

இப்படி ஒரு தடவை இல்லை, பல தடவை. அக்காவுக்குக் கைராசி என்று ஊரே சொல்லும். புதுத் துணி என்றால் முதல் கத்தரி அவள் கையால் விழ வேண்டும் என்று காத்திருக்கிறவர்கள் உண்டு. சின்னவளும் அதை நம்பினாள். ஆஸ்பத்திரி பாஷையெல்லாம் படித்தவள், பவர் சப்ளையைக்கூடப் புதுசு வாங்கி மாட்டிப் பார்த்துத் தோற்றவள், கடைசியில் காலையில் எழுந்ததும் அக்காவையே பட்டனை அமுக்கச் சொல்ல ஆரம்பித்தாள். அக்கா ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து ஒற்றை விரலால் அமுக்குவாள். சில நாள் ஓடும், சில நாள் ஓடாது. ஓடாத நாளில் அக்காவின் முகமும் வாடிப்போகும். சின்னவள்தான் பாவம், அக்காவைத் தேற்றுவாள்.

மேலாளர் அம்மாளும் எத்தனை நாள் பொறுப்பாள்? ஒரு நாள் கறாராகச் சொல்லிவிட்டாள். வியாழக்கிழமை மேலே உள்ளவர்கள் முடிவு எடுக்கிறார்கள், அன்றைக்குக் காலையாவது நேரத்துக்கு வந்துவிட வேண்டும், அதற்கு மேல் என்னால் தாங்கிப் பேச முடியாது என்றாள்.

வியாழக்கிழமை காலை. பட்டனை அமுக்கினால் பச்சை விளக்கு மட்டும்தான். அக்காவைக் கூப்பிட்டால் அக்கா இல்லை. நூல் வாங்கப் போயிருப்பாள் போல. நெட் சென்டர் திறக்க இன்னும் நேரம் இருந்தது. சின்னவளுக்கு அழுகை முட்டியது. தலையைத் தடவினாலும் தடவிக்கொள்ளட்டும் என்று கடைக்காரரைக் கூப்பிட்டாள். அவர் பல்குச்சியைக்கூடத் துப்பாமல், கட்டிய லுங்கியோடு வந்தார்.

உள்ளே எட்டிப் பார்த்தார். பலகையின் ஓரத்தில் இருந்த இரண்டு சின்னக் கம்பிகளைத் திருப்புளி நுனியால் ஒன்றாகத் தொட்டார். விசிறி உறுமிக்கொண்டு சுற்றியது. அடப்பாவமே, இவ்வளவுதானா என்று சின்னவள் வாயைப் பிளந்தாள். முன்னாலிருக்கிற பட்டனிலிருந்து வருகிற சின்ன வயர் இந்தக் கம்பியில் சொருகியிருக்க வேண்டும், அது கழன்று கிடக்கிறது, மற்றபடி உங்கள் மெஷினுக்கு ஒரு குறையும் இல்லை என்றார் அவர். சொல்லிவிட்டு வயரை எடுத்துப் பார்த்தவர் நெற்றியைச் சுருக்கினார்.

"இதைத்தானேம்மா முதல் நாளே உங்க அக்காகிட்ட காட்டிட்டுப் போனேன். லூசா இருக்குன்னு பசை வேற வெச்சேன். இது தானா கழலாதே. பாருங்க, யாரோ பசையைச் சுரண்டி எடுத்திருக்காங்க."

சின்னவள் பார்த்தாள். பசை இருந்த இடம் துளிப் பிசிறு இல்லாமல் சுத்தமாக இருந்தது. பிளேடால் தையல் பிரிக்கிறவர்களுக்குத்தான் அவ்வளவு சுத்தமாக வரும். அவரை என்ன சொல்லி அனுப்பினாள் என்று அவளுக்கே நினைவில்லை. உட்கார்ந்து டைப் அடித்தாள். கை தன்பாட்டுக்கு ஓடியது. கூட இருந்தே குழி பறிப்பது என்று கேள்விப்பட்டிருக்கிறாள். டார்ச் அடித்துக்கொண்டே பறிப்பார்களா? நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டுக்கொண்டே பறிப்பார்களா? யாரிடம் போய்ச் சொல்வது? இத்தனை வருஷத்தில் எது நடந்தாலும் அவள் ஓடிப்போய்ச் சொன்னது அக்காவிடம்தான்.

அனுப்பி முடிப்பதற்குள் டாக்டர்கள் வார்டுக்குப் போய்விட்டார்கள். மேலாளர் அம்மாள் ஃபோனில் திட்டக்கூட இல்லை. அந்த இடத்துக்கு வேறொரு பெண்ணைப் போட்டுவிட்டோம், மனசில் வைத்துக்கொள்ளாதே, வீட்டிலிருந்து செய்கிற வேலை எப்போதும்போல் உனக்கு உண்டு என்று மெதுவாகச் சொல்லிவிட்டு வைத்தாள்.

அக்கா வந்தாள். கையில் நூல் பொட்டலம். மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டு உள்ளறை வாசலில் நின்றாள். திறந்து கிடந்த தகட்டையும் கீழே கிடந்த பல்குச்சியையும் பார்த்தாள். கேள்வி கேட்க அவளுக்கு ஒன்றும் மிச்சமில்லை.

"நான் வேற ஊருக்குப் போகப் போறது எத்தனை நாளா உனக்குத் தெரியும்?" என்று கேட்டாள் சின்னவள்.

ஒரு நாள் நீ குளித்துக்கொண்டிருந்தபோது அந்தம்மா வீட்டு ஃபோனில் கூப்பிட்டாள் என்றாள் அக்கா. உங்கள் தங்கையை நாங்கள் கொத்திக்கொண்டு போகப் போகிறோம் என்று சிரித்துச் சிரித்துப் பேசினாளாம். இன்றைக்குச் சொல்வாய், நாளைக்குச் சொல்வாய் என்று அக்கா இவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். சோறு போடும்போதெல்லாம் எதிரில் உட்கார்ந்து காத்திருந்தாளாம். அதற்குள் ஒரு நாள் மெஷின் தானாகவே நின்றுபோக, கடைக்காரர் வந்து, இதோ இந்த வயர்தான் என்று காட்டிவிட்டுப் போனாராம். அதைச் சொல்லும்போது அக்கா தலையைக் குனியவில்லை. அதுதான் சின்னவளுக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது.

"போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா. நம்ப வெச்சுக் கழுத்தை அறுத்துட்டியே. உன் கையை நான் எப்படி நம்பினேன் தெரியுமா?"

"போகாதேன்னு சொல்லியிருந்தா நின்னிருப்பியா?"

சின்னவளுக்கு அந்த இடத்தில் ஒரு பொய் தேவைப்பட்டது. அக்காவைக் கொல்கிற மாதிரி, நின்றிருப்பேனே என்று ஒரு பொய். அது நாக்கு வரைக்கும் வந்தது.

"மாட்டேன்," என்றாள்.

"எனக்குத் தெரியும்டி," என்றாள் அக்கா. "உன்னை வளர்த்தவ நான்."

சொல்லிவிட்டு முன்னறைக்குப் போய் நூலைக் கோக்க உட்கார்ந்தாள். ஊசிக் காது கண்ணுக்குத் தெரியவில்லை போலிருக்கிறது. எப்போதும் அதற்குத் தங்கையைத்தான் கூப்பிடுவாள். அன்றைக்குக் கூப்பிடவில்லை. சின்னவளும் எழுந்து போகவில்லை.