பச்சைப் பொத்தான்

ஹெல்சிங்கி விமான நிலையத்தின் புகார் கவுண்டரில் இருபது வருஷமாக நிற்கிறவள் ரைலி. விமானம் ரத்தானால் திட்டு வாங்குவது அவள் வேலை. ரத்து செய்கிறவர்கள் மாடியில் இருக்கிறார்கள்.

கவுண்டருக்கு எதிரே ஒரு கம்பத்தில், சேவை எப்படி என்று பயணிகள் அமுக்கிச் சொல்ல இரண்டு பொத்தான்கள்: சிரிக்கிற பச்சை முகம், முறைக்கிற சிவப்பு முகம். பயணிகள் சிவப்பைக் குத்திவிட்டுப் போவார்கள். அதனால் அந்தக் கவுண்டரில் மாறி மாறி நிற்கிற ரைலி, நான், இன்னும் இரண்டு பேர் என நாங்கள் நால்வரும் அவரவர் வேலை முடிந்து கிளம்பும்போது, அடுத்து நிற்பவருக்காகப் பச்சையை நாலைந்து தடவை தட்டிவிட்டுப் போவோம். எங்களுக்குள் அது ஒரு மரியாதை.

ஒருநாள் மேலாளர் யூசோ காபியும் ஏலக்காய் பன்னும் வைத்து எங்களைக் கூப்பிட்டான்.

"பொத்தான் கணக்கைப் பார்த்தேன். பயணிங்க ரொம்ப சந்தோஷமா இருக்காங்க. இனிமே அங்க ஒருத்தர் போதும்."

ரைலிக்குப் பொறுக்கவில்லை. "அந்தப் பச்சையெல்லாம் நாங்க அமுக்கினது, யூசோ! வர்றவங்க காறித் துப்பாத குறைதான்!"

"அப்படியா? நாலு பேர் நின்னும் ஒருத்தரையும் திருப்திப்படுத்த முடியல. அப்புறம் நாலு பேர் எதுக்கு?"

என்னையும் சேர்த்து மூன்று பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். ரைலி மட்டும் மிஞ்சினாள்.

முதல் நாள் தனியாக நின்று முடித்துக் கிளம்பும்போது, பழக்கதோஷத்தில் பச்சையைத் தட்டினாளாம். அப்புறம்தான் திரும்பிப் பார்த்தாளாம். கவுண்டரில் யாரும் இல்லை. வரிசை மட்டும் நின்றுகொண்டிருந்தது.