சரிவின் முனையில் ஏழு

நம்ப மாட்டீர்கள் என்று தெரியும். நம்ப வைக்க எனக்கும் பொறுமை இல்லை. பவல் ஏரிக் கரையில் என் காதால் கேட்டதை அப்படியே சொல்கிறேன். ஒரு சொல் கூட்டவில்லை.

அந்த வருஷம் எனக்கு எல்லார் மேலும் எரிச்சல். வறட்சி இருபது வருஷத்தைத் தாண்டிவிட்டது. பேஜ் ஊர் பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம் மேல் கூட்டம். அணை கட்டித் தேக்கிய இந்த ஏரியைக் காலி செய்து மிச்சத் தண்ணீரை ஆற்றில் கீழே இருக்கும் மீட் ஏரிக்கு அனுப்பிவிடலாம் என்று ஒரு கட்சி. கூடாது, மேலே இருக்கும் அணைகளைத் திறந்து இதை நிரப்பு என்று இன்னொரு கட்சி. ஆளுக்கு மூன்று நிமிஷம். மணி அடித்தால் உட்கார வேண்டும். பேசிவிட்டு டென்வருக்கும் ஃபீனிக்ஸுக்கும் காரேறிப் போய்விட்டார்கள். தண்ணீர் பாட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

நான் வெர்ன் ஸ்டக்கி. படகுகளைத் தண்ணீரில் இறக்கும் கான்கிரீட் சரிவுக்குப் பொறுப்பு. தினம் விடியற்காலை 5.10 மணிக்கு, சரிவின் கடைசி முனையில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று அளவுக் கம்பத்தில் பார்த்து வாக்கி-டாக்கியில் சொல்ல வேண்டும். நான்குக்குக் கீழே போனால் படகு இறக்க முடியாது. படகுத்துறையை மூடி அங்கே வேலை பார்க்கும் நாற்பது பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், என்னையும் சேர்த்து.

மேலே அலுவலகத்தில் என் அளவை எழுதிக்கொள்பவள் லியோனா பிட்சுய், நவஹோ பழங்குடிப் பெண். முதல் கூட்டத்தில் அவள் எழுந்து, ஏரியைக் காலி பண்ணுங்கள் என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"உன் வேலையும்தான் போகும், தெரியுமா?" என்றேன் வெளியே வந்து.

"போகட்டும். எங்கண்ணன் ஏரிக்கு அடியில கெடக்கான். இருபத்துமூணு வருஷமாச்சு. இப்ப நீ பாக்குற வேலையத்தான் அவனும் பாத்தான். விடியக்காலையில அளவெடுக்கப் போனவன் திரும்பல. அவன் தண்ணிக்குள்ள கெடக்க வேணாம், வெர்ன். மண்ணுல வெச்சுட்டா போதும்."

அண்ணன் பெயரை அவள் சொல்லவில்லை. இறந்தவர் பெயரை அவர்கள் சொல்வதில்லை. நானும் கேட்கவில்லை.

ஏப்ரல் 6. காலை 5.10. இருட்டு பாதி கலைந்திருந்தது. காற்று துளியும் இல்லை.

"பதிமூணு," என்றேன்.

கர்ர்... கர்ர்...

"ஏழு."

ஆண் குரல். வாய் நிறைய எதையோ வைத்துக்கொண்டு பேசுவது போல.

"எவன்டா அது? பதிமூணு. காது கேக்கலையா?"

"யார்கிட்ட கத்துற?" இது லியோனா. "பதிமூணுன்னு எழுதிட்டேனே."

மீன் பிடிக்க வந்த எவனோ விளையாடுகிறான் என்று திட்டிக்கொண்டே மேலே ஏறினேன்.

ஏப்ரல் 10. நான் பன்னிரண்டு என்றேன். அந்தக் குரல் ஆறு என்றது. 14ஆம் தேதி நான் பதினொன்று. அது ஐந்து. பேட்டரியை மாற்றினேன். கருவியையே மாற்றினேன். லியோனாவுக்கு மட்டும் எதுவும் கேட்கவில்லை.

ஏப்ரல் 22. ஒன்பது.

"மூணு."

குரல் தெளிந்திருந்தது. பின்னாலேயே ஒரு சத்தம்... மூச்சை இழுக்கிற சத்தம். நீளமாக... முடியாமல்...

அது யார் என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. லியோனாவிடம் சொல்லவில்லை. சொன்னால் கூட்டத்தில் சொல்வாள், அவர்கள் கட்சி வலுத்துவிடும். எனக்கு ஐம்பத்தாறு வயது. வேறு தொழில் தெரியாது. இரண்டு நாள் கழித்து நடந்த கூட்டத்தில் என் மூன்று நிமிஷத்தையும் எடுத்துக்கொண்டேன். ஏரியை நிரப்புங்கள் என்றேன். கை தட்டினார்கள். என் மேலேயே எனக்கு வெறுப்பாக இருந்தது.

ஏப்ரல் 26. எட்டு.

"ரெண்டு."

குரலில் அவசரம். சந்தோஷம் போலவும் இருந்தது.

முனைக்கு நேர் மேலே தண்ணீரில் ஒரு குமிழி.

இன்னொன்று...

ஓடிவிட்டேன்.

மறுநாள் மேலணைகளைத் திறந்தார்கள்.

மே 3. ஒன்பது.

"மூணு..."

மே 5. பத்து.

"வெர்ன்."

என் பெயர்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தக் குரல் வரவில்லை.

ஜூனில், சரிவில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க ஒரு முக்குளிப்பவர் இறங்கினார். ஏறி வந்து அலுவலகத்தில் உட்கார்ந்தவர், கொடுத்த காபியைத் தொடவில்லை.

"விரிசல் இல்ல. கடைசி முனையில சேறு படிஞ்சிருக்கு. அதுல ரெண்டு கால் தடம். வெறுங்கால். விரல் கரையப் பாத்து இருக்கு. வந்த தடமும் இல்ல, போன தடமும் இல்ல. அப்படியே நின்ன மாதிரி..."

அவர் போனதும் லியோனாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தேதி, அளவு, குரல், என் பெயர். அவள் திட்டியிருந்தால் தேவலை.

"எப்பவும் உன் அளவுக்கு ஆறு கம்மியா?"

"ஆமா."

"அவன் ஆறடி," என்றாள். "தலைக்கு மேல எவ்வளவு பாக்கின்னு உனக்குச் சொல்லிக்கிட்டே இருந்திருக்கான்."

பையை எடுத்துக்கொண்டு போனாள். மறுபடி வேலைக்கு வரவில்லை.

இன்று காலை 5.10க்கு முனையில் நாற்பத்தோரு அடி. துறை திறந்திருக்கிறது.