துரை நாற்காலியை விட்டு இறங்கிய வழக்கு

1. எண்ணெய்ச் சட்டி

பழவேற்காட்டு ஒல்லாந்தர் கோட்டையில் நான் பேச்சை மொழிபெயர்த்துச் சொல்லும் துபாஷியாகச் சேர்ந்த முதல் நாளே, ஒருவன் கையைக் கொதிக்கிற எண்ணெயில் விடத் தயாராக இருந்தார்கள். வலை திருடினான் என்று பிராது. கை வெந்தால் திருடன், வேகாவிட்டால் யோக்கியன். யோக்கியன் எவனும் அதுவரை அகப்பட்டதில்லை.

அன்றுதான் புதிய நியாய துரையும் கப்பலிலிருந்து இறங்கியிருந்தார். வெயிலில் மூக்கு உரிந்த நெட்டை மனிதர். "என்ன சமையல்?" என்று கேட்டார். விளக்கினேன். சட்டியை ஓங்கி உதைத்தார். எண்ணெய் அவர் காலிலேயே கொட்டியது. கோட்டையில் சட்டச் சீர்திருத்தம் நொண்டிக்கொண்டுதான் தொடங்கியது.

கால் ஆறுவதற்குள் விதிகள் எழுதிவிட்டார். சாட்சி இல்லாமல் தண்டனை இல்லை. பெண்களும் சாட்சி சொல்லலாம். தன் வழக்குக்குத் தானே தீர்ப்புச் சொல்லக் கூடாது. கோட்டைக்குப்பத்து மீனவர்களின் தலைவரான பெரியதனக்காரர் தலையில் அடித்துக்கொண்டார்: "பொம்பளைங்க இங்க வந்து நின்னா, மீனு யாரு விக்கிறதாம்?"

2. கன்னியம்மா

ஏரியில் எந்தக் குடும்பம் எந்த நாள் எங்கே வலை போடுவது என்று குப்பத்தில் முறை உண்டு. அதற்குப் பாடு என்று பெயர். கன்னியம்மா கைம்பெண். அவள் பாடு வந்த நாளில், துரை தன் பாய்ப்படகில் உல்லாசமாகப் போய் அவள் வலையைக் குறுக்கே கிழித்துவிட்டார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மறுநாள் கிழிந்த வலையோடு, துரை வழக்குக் கேட்கும் கச்சேரிக்கு வந்தாள்.

"யார் மேலே பிராது?" என்று கேட்டேன்.

"தோ, மேல குந்திகினு கீறாரே, அவுரு மேலதான்."

மொழிபெயர்த்தேன். துரையின் மூக்கு மேலும் சிவந்தது. "நான் யாரென்று தெரியுமா என்று அவளிடம் கேள்."

"தெரியாம இன்னா? கண்ணத் தொறந்துகினே என் வலயில பூந்த குருட்டுக் கொக்குனு சொல்லு. சொல்லுய்யா, முழுங்காத!"

வேர்த்துவிட்டது. ஆனாலும் கொக்கைக் கொக்கென்றே சொன்னேன். அவர் தம் கையால் எழுதிய விதிகளை வெறித்துப் பார்த்தார். பிறகு ஏதோ முணுமுணுத்தபடி நாற்காலியை விட்டு இறங்கி அவளருகே வந்து நின்றார். அந்த முணுமுணுப்பை மட்டும் நான் மொழிபெயர்க்கவில்லை. கெட்ட வார்த்தை.

அவருக்கு அடுத்தபடியான சின்ன துரை நாற்காலியில் ஏறி வழக்கைக் கேட்டார். படகு ஓட்டியவன் நடந்ததை ஒப்புக்கொண்டான். தீர்ப்பு: புது வலை தர வேண்டும், பாடு நடக்கும் இடத்தில் கோட்டைப் படகு போகக் கூடாது.

"இன்னொரு பாடும் வேணும். நேத்து எனக்குப் பட்டினி" என்றாள். அதுவும் கிடைத்தது.

3. அடுத்த துரை

தங்கள் ஆள் ஒருவர் மீன்காரியிடம் தோற்றது மேலிடத்துக்குப் பிடிக்கவில்லை. அவரை வேறு துறைமுகத்துக்கு அனுப்பினார்கள். வழியனுப்பப் பெரிய கூட்டமில்லை. சட்டம் எழுதுகிறவரோடு யார் சிநேகம் வைப்பார்கள்?

அடுத்து வந்தவர் முதல் வேலையாகச் சட்டியைத் தேடினார். செய்தி குப்பத்துக்கு எட்டியது. மறுநாள் கோட்டை வாசலை மீனவர்கள் மறித்து நின்றார்கள். முன்னால் நின்றவர், நம்ப மாட்டீர்கள், அந்தப் பெரியதனக்காரர்தான். இதற்குள் அவரும் கச்சேரியில் ஒரு வழக்கு ஜெயித்திருந்தார்.

"சாச்சி இல்லாம எவன் கையும் வேவக் கூடாதுனு சொல்லு துபாஷி. வேவணும்னா மொதல்ல துரை கைய வுடட்டும்!"

சொன்னேன். சட்டி வரவில்லை.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: சட்டம் எழுதுகிறவர்கள் கப்பலேறிப் போய்விடுவார்கள். அதில் ஒரு தடவை ஜெயித்தவர்கள் ஊரிலேயே இருப்பார்கள். அவர்கள் பேசுவதை ஒரு வார்த்தை குறைக்காமல் சொல்லுங்கள். திட்டையும் சேர்த்துத்தான்.