டொரீன் சேற்றில் மாட்டிய இடம்

நோயாளிகளை இறக்கிவிட்ட கையோடு, சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு டொரீன் நேரே சுவரில் தொங்கும் படத்தின் முன்னால் போய் நிற்பாள். ஆஸ்திரேலியாவின் நடுவே, ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் எங்கள் டயாலிசிஸ் கூடத்துக்கு வேன் ஓட்டுபவள் அவள். நான் அங்கே நர்ஸ். படம் அவளுடைய அண்ணி மேவிஸ், தன் அப்பாவின் மண்ணைப் பழங்குடி வழக்கப்படி வரைந்தது. செம்மண் நிறம், வெள்ளை வட்டங்கள், குறுக்கே வளைந்தோடும் ஒரு கோடு, எங்கு பார்த்தாலும் புள்ளிகள்.

யாராவது அதற்குப் பொருள் கேட்டுவிட்டால் போதும்.

"அதோட கதை அண்ணியோட அப்பா வழிக் கதை. அதச் சொல்ல எனக்கு உரிமை இல்ல. நான் என் கதையத்தான் சொல்வேன்" என்பாள். விரலை நீட்டமாட்டாள், உதட்டைக் குவித்தே ஒரு வட்டத்தைக் காட்டுவாள். "அங்கதான் என் மொத புருஷன் கோவிச்சுக்கிட்டு வண்டிய விட்டு எறங்கிப் போனான். இந்தப் புள்ளியெல்லாம் அவன் திரும்பி வந்த காலடி. வழியில ஒரு நாயும் சேந்துக்கிச்சு, அதான் இம்புட்டு நெருக்கம்."

மறுநாள் அதே புள்ளிகள் மாவு மூட்டையில் ஏறிய எறும்புகளாகிவிடும். அங்கேயே சிகிச்சை பெறும் மேவிஸ், "நான் வரஞ்சது ஒண்ணு, நீ கொட்டுறது ஒண்ணு. வாய மூடுடி" என்று சிரித்துச் சிரித்து இருமுவாள்.

சென்ற மாதம் மேவிஸின் சித்தப்பா கிளெம்மை மேற்குப் பாலையிலிருந்து கொண்டுவந்தார்கள். சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. மனிதர் சிகிச்சை நாற்காலியில் உட்காரவே மறுத்தார்.

"என் மண்ணுக்குப் போறேன். சாவு வந்தா அங்க வரட்டும்."

டாக்டர் பேசிப் பார்த்தார். மகள் அழுதாள். கதவருகே நின்றவர் அசையவில்லை.

டொரீன் படத்தின் முன் நின்று, வளைந்த கோட்டை உதட்டால் காட்டி, உரத்த குரலில் கேட்டாள்: "ஏன் அண்ணி, இந்த ஓடைக்கு வடக்காலதான என் வண்டி சேத்துல பொதஞ்சுது?"

"வடக்கால ஏதுடி சேறு?" பெரியவர் திரும்பினார். "அங்க பூராப் பாறை. சேறு தெக்கால."

"போங்க மாமா. பொதஞ்சவ நானு, எனக்குத் தெரியாதா?"

"அங்க மாடு மேச்சவன் நானு! பொய்க்காரி!"

தடதடவென்று படத்தருகே வந்தார். மூச்சு வாங்கியது. பக்கத்திலிருந்த சிகிச்சை நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து, எந்த மேட்டில் மாடு படுக்கும், எந்தப் பள்ளத்தில் மழைக்குப் பிறகு தண்ணீர் நிற்கும் என்று விளாசித் தள்ளினார். டொரீன் ஒவ்வொன்றையும் மறுத்தாள். மறுத்துக்கொண்டே அவருடைய நாற்காலியைப் படத்துக்கு நேராகத் திருப்பினாள்.

நான் ஊசியோடு அருகில் போனேன். படத்திலிருந்து கண்ணை எடுக்காமலே கிளெம் சட்டைக் கையை மடித்து என் பக்கம் நீட்டினார்.