மஞ்சள் விளக்கும் பெட்ரோல் மூடியும்

பெட்ரோல் மூடியைக்கூட ஒழுங்காக மூடத் தெரியாதவள் என்று ஒருவர் சொன்னால் கோபம் வருமா, வராதா? ஒரு தடவை சொன்னால் பொறுத்துக்கொள்வேன். பண்டமாரானில் நான் வழக்கமாக வண்டி விடும் வொர்க்‌ஷாப்பின் முதலாளி, நான் போகும்போதெல்லாம் அதையேதான் சொன்னார்.

கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் காரில் ஆள் ஏற்றி இறக்குவதுதான் என் பிழைப்பு. கிள்ளானுக்குப் பக்கத்தில் மேருவில் நான் வேலை பார்த்த கேபிள் தொழிற்சாலையை மூடியபோது எனக்கென்று மிஞ்சியது இந்தக் கார் ஒன்றுதான். ஆயுத பூஜைக்கு அதே வொர்க்‌ஷாப்பில் மாலை போட்டு, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கி எடுத்து வந்த வண்டி. தீபாவளி வருவதற்குள் டேஷ்போர்டில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிய ஆரம்பித்துவிட்டது. சிக்னலில் நின்றால் வண்டி உதறும். பெட்ரோல் போட்டுவிட்டுச் சாவியைத் திருகினால் இருமி இருமித்தான் கிளம்பும். வாடகைக்கு ஓடும் வண்டிக்கு வருடம் ஒரு சோதனை உண்டு. அந்த விளக்கோடு போனால் தேறாது, தேறாவிட்டால் எனக்கு வேலை கிடையாது. சோதனைக்கான நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது.

“மூடிய டைட்டா மூடுறதில்ல நீங்க. ஆவி லீக் ஆகுது, லைட் எரியுது. அவ்வளவுதான் லா அக்கா,” என்றார் முதலாளி.

அவர் சொன்னதில் பாதி உண்மை. டாங்கில் கிளம்பும் பெட்ரோல் ஆவி வெளியே போய்விடாமல் ஒரு கரிப்பெட்டி பிடித்து வைத்துக்கொள்ளும். சின்னதாக ஒரு மின்சார வால்வு அவ்வப்போது திறந்து, அந்த ஆவியை எரிப்பதற்காக இன்ஜினுக்குள் விடும். மூடி தளர்ந்தாலும் விளக்கு எரியத்தான் செய்யும். ஆனால் அவருடைய ஸ்கேனரில் கசிவு என்று வரவில்லை. வால்வுக்குப் போகும் மின்சுற்றில் கோளாறு என்று வந்தது. பக்கத்தில் நின்று நானே படித்தேன்.

“பாஸ், சர்க்கிட்டுன்னு போட்டிருக்கே. வயர கொஞ்சம் பாருங்களேன்.”

“மெஷின் அப்படித்தான் காட்டும். நீங்க போய் தே குடிச்சிட்டு வாங்க அக்கா.”

தேநீர் குடிக்கவா நான் வந்தேன்? தொழிற்சாலையில் இத்தனை வருடம் கட்டுக் கட்டாக வயர்களைச் சோதித்து, எது அறுந்தது, எது எதோடு உரசுகிறது என்று கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கியவள் நான். இதை அவரிடம் சொல்லியும் பார்த்தேன். சிரித்துக்கொண்டே புது மூடி ஒன்றைப் போட்டு விளக்கை அழித்து அனுப்பினார். ஃபெடரல் ஹைவேயில் ஏறுவதற்குள் அது மறுபடியும் எரிந்தது. பிறகு கரிப்பெட்டியை மாற்றினார். பிறகு வால்வையும் மாற்றினார். தலைவலி என்று போனவனுக்கு வரிசையாகப் பல்லைப் பிடுங்கிய மாதிரி. ஒரு நாளாவது அந்த வயரைத் தொட்டுப் பார்த்திருப்பாரா? மாட்டார்.

கடைசியில், “பழைய வண்டி அக்கா, வித்துட்டு வேற எடுங்க,” என்றார். நான் வெளியே வரும்போது, காத்திருந்த இன்னொரு வாடிக்கையாளரிடம் அவர் சொன்னது என் காதில் விழுந்தது. “பொம்பளைங்க ஓட்டுற வண்டினாலே இப்படித்தான் பாஸ்.” எனக்கு உச்சந்தலைவரை எரிந்தது.

மறுநாள் காலையில் வேலைக்குப் போகவில்லை. ஃபிளாட்டுக்குக் கீழே காரை நிறுத்தி, பானெட்டைத் திறந்து, தொழிற்சாலை நாளிலிருந்து வைத்திருக்கும் மல்ட்டிமீட்டரை எடுத்தேன். புது வால்வில் ஒரு குறையும் இல்லை. அதற்கு மின்சாரமும் ஒழுங்காக வந்தது. மிச்சம் இருந்தது, வால்வைத் திறந்து மூட இன்ஜின் கம்ப்யூட்டர் கட்டளை அனுப்பும் வயர். பேட்டரியைக் கழற்றிவிட்டு, மீட்டரின் ஒரு முனையை அந்த வயரிலும் மறுமுனையைக் காரின் இரும்பிலும் வைத்தேன். பீப் என்று கத்தியது. கத்தவே கூடாது. கட்டளை வயர் எங்கேயோ உடம்பு இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்ததால்தான் வால்வு மூடாமல் திறந்தே கிடந்திருக்கிறது; ஆவி நிற்காமல் இன்ஜினுக்குள் போய் வண்டி உதறியிருக்கிறது. வயர்கட்டை ஒவ்வோர் இடமாக ஆட்டிக்கொண்டே போனேன். ரேடியேட்டருக்கு மேலே ஆட்டியதும் சத்தம் நின்றது.

அங்கே கையை விட்டுத் தடவினேன். துருப்பிடித்த கட்டுக்கம்பி ஒன்று முன்பக்கக் கிரிலின் இரும்புச் சட்டத்தையும் வயர்கட்டையும் சேர்த்து வளைத்துக் கட்டியிருந்தது. வண்டி அதிர அதிர வயரின் தோலை அறுத்து உள்ளே இறங்கியிருந்தது. கம்பி முறுக்கில் காய்ந்த செவ்வந்தி இதழ் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

எனக்கு உடனே நினைவுக்கு வந்தது. பூஜை அன்று நான் மாலையை நூலால் கட்டப் போனேன். முதலாளிதான் தடுத்தார். “நூல்ல கட்டுனா ஹைவேல பறந்துடும் அக்கா,” என்று சொல்லித் தன் கையாலேயே கம்பி போட்டு முறுக்கினார். எண்ணெய் மாற்றப் போனபோது காய்ந்த மாலையை வெட்டி எடுத்தவரும் அவர்தான். பூ போனது, கம்பி உள்ளேயே இருந்துவிட்டது.

கம்பியை வெட்டி எடுத்து, வயருக்கு டேப் சுற்றிவிட்டு நேராக வொர்க்‌ஷாப்புக்குப் போனேன். நாலைந்து பேர் காத்திருந்தார்கள். கம்பியை அவர் உள்ளங்கையில் வைத்து, எங்கே இருந்தது என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

முகம் சுருங்கியது அவருக்கு. “சாமி காரியம் அக்கா. அதப் போயி குத்தம் சொல்லாதீங்க.”

“சாமி மாலைதான் கேட்டுச்சு பாஸ். கம்பிய முறுக்குனது நீங்க.”

காத்திருந்தவர்களில் ஒருவர் பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தார். முதலாளி ஸ்கேனரை மாட்டி விளக்கை அழித்தார். மன்னிப்பு? அந்தப் பேச்சே இல்லை. நான் ஏறிக் கார் கதவைச் சாத்தும்போது, “எதுக்கும் மூடிய டைட்டா மூடிக்குங்க அக்கா,” என்றார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு கிளம்பினேன்.

விளக்கு திரும்ப வரவில்லை. வண்டி சோதனையில் தேறியது.

இந்த வருட ஆயுத பூஜைக்கும் அவர் கூப்பிட்டார். போனேன். கோபம் அவர்மேல்தான், சாமிமேல் இல்லையே. மாலையை எடுத்ததும் பழக்க தோஷத்தில் அவர் கம்பிச் சுருளோடு வந்து நின்றார். நான் அவர் முகத்தைப் பார்த்தபடியே நூலால் கட்டி முடித்தேன்.

அவர் சொன்னது சரிதான். ஃபெடரல் ஹைவேயில் மாலை பறந்து போய்விட்டது. போகட்டும். பிரிக்பீல்ட்ஸில் எனக்காக ஒருவர் காத்திருந்தார். நேரத்துக்குப் போய் ஏற்றிக்கொண்டேன்.