ஆயிரத்து ஐந்நூறுக்குக் கீழே இறங்காதே

சிங்கப்பூர் தொழிற்சாலை வேலை போனபின், மலேசியாவில் குளுவாங் நகரில் ஒரு மெத்தைக் கடையில் விற்பனைக்குச் சேர்ந்தேன். முதல் நாளே சீன முதலாளி மலாய் மொழியில் கணக்கைச் சொல்லிவிட்டார். அட்டையில் மூவாயிரத்து அறுநூறு மலேசிய வெள்ளி போட்டிருக்கும் மெத்தை, கடைக்கு வந்து இறங்கும் விலை தொள்ளாயிரம். "ஆயிரத்து ஐந்நூறுக்குக் கீழே இறங்காதே. அதற்கு மேல் வாங்குவதில் பத்தில் ஒரு பங்கு உனக்கு." தமிழர்கள் வந்தால் நான்தான் பேச வேண்டும்.

மூன்றாம் வாரம், மதியத்தில் ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். ஐம்பது வயதிருக்கும். அவர் மனைவியின் தோளைப் பிடித்தபடி அடிமேல் அடிவைத்து நடந்தார்.

"முதுகுல ஆபரேசன் பண்ணி ரெண்டு மாசம் ஆச்சு. கெட்டியான மெத்தையா பாக்கச் சொன்னாங்க டாக்டர்," என்றார் அந்த அம்மா. "கடைசி வெல என்னம்மா?"

"உங்களுக்காக ரெண்டாயிரத்து எரநூறு, அக்கா." பழகிய பொய், தடங்கலில்லாமல் வந்தது.

அந்த அம்மா பேரம் பேசவே இல்லை. கைப்பையைத் திறந்து பணம் வைத்த ஒரு உறையை எடுத்தார். அதில் என் பங்கு எழுபது வெள்ளி. வீட்டில் மின்சாரக் கட்டணம் இரண்டு மாதமாகக் கட்டாமல் நின்றிருந்தது. ஆனாலும் அந்த உறையைப் பார்க்க முடியவில்லை. நாலடி தள்ளி முதலாளி நாளிதழ் படித்துக்கொண்டிருந்தார். மெத்தையின் உறையைச் சரிசெய்வதுபோல் குனிந்து, மெல்லச் சொன்னேன்.

"அக்கா, காச உள்ள வைங்க. ஆயிரத்து ஐந்நூறுன்னா வாங்குறேன்னு சொல்லிட்டு வாசலுக்கு நடங்க."

அவர் விழித்தார். கணவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "ஏன் போகச் சொல்றாங்க? மெத்தையில ஏதும் கோளாறா?" என்று சத்தமாகவே கேட்டார்.

நாளிதழ் மடிந்தது. முதலாளி எழுந்து வந்து, என்ன விஷயம் என்று மலாயில் கேட்டார். விலை அதிகம் என்கிறார்கள் என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலிருந்தது.

"ஆயிரத்து ஐந்நூறு," என்று அந்த அம்மா மலாயில் சொன்னார். முதலாளி கால்குலேட்டரில் ஆயிரத்துத் தொள்ளாயிரம் அடித்துக் காட்டினார். அந்த அம்மா தலையசைத்து மறுத்து, கணவரின் கையைப் பிடித்து வாசல் பக்கம் திரும்பினார்.

கணவரால் வேகமாக நடக்க முடியவில்லை. முதலாளி கூப்பிடவும் இல்லை. வெறும் கையோடு அனுப்பிவிட்டேனோ என்று நினைத்தேன். கதவுப்படியில் காலை எடுத்து வைக்க முடியாமல், அந்த மனிதர் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். முதலாளி அவர் முதுகையே பார்த்தார்.

"சரி லா, ஆயிரத்து ஐந்நூறு," என்றார், மலாயில்.

பணம் கட்டி, விலாசம் எழுதிக் கொடுத்துவிட்டு அவர்கள் போனார்கள். ரசீதுப் புத்தகத்தை மூடிய முதலாளி என்னைப் பார்த்து, தெளிவான தமிழில் சொன்னார்:

"நானும் ரப்பர் எஸ்டேட்டுல தமிழாளுங்களோட பொறந்து வளந்தவன்தான்மா. நீ சொன்னது எல்லாம் காதுல விழுந்துச்சு."

வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

"கடைக்கு வாடகை யாரு கட்டுறது? இன்னொரு தடவ செஞ்சா வரவேணாம்." அவ்வளவுதான். மறுபடி நாளிதழை விரித்துக்கொண்டார்.

மறுநாள் காலை, கல்யாணம் ஆகப்போகிற ஒரு ஜோடி அதே மெத்தையின் கடைசி விலையைக் கேட்டது. முதலாளி தலை நிமிரவில்லை. நான் ரெண்டாயிரத்து எரநூறு என்றேன். அவர்கள் கொடுத்தார்கள், நான் வாங்கினேன்.