அம்மாவின் விரலுக்கு நான் பார்த்த வைத்தியம்

எங்கள் வீட்டில் இரண்டரை மாதம் அம்மா பாத்திரம் கழுவவில்லை. சண்டை ஒன்றும் இல்லை, உடம்புக்கு முடியாமலும் இல்லை. விரல் நுனியில் தண்ணீர் ஊறக்கூடாது என்று பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடைக்காரர் சொல்லிவிட்டார், அவ்வளவுதான். இதைச் சொன்னால் இன்றைக்கும் சொந்தக்காரர்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வராது. அந்தப் பாத்திரங்களில் பாதியைக் கழுவியவள் நான்.

அப்போது எனக்குப் பத்து வயது, நான்காம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். கிள்ளானில் ஒரு தாமானில், வரிசை வீடுகள் உள்ள குடியிருப்பில், இருந்தோம். அப்பா மேருவில் ஒரு தொழிற்சாலைக்கு லோரி ஓட்டினார். அம்மா துறைமுகத்துப் பக்கம் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதும் கிராணி. அம்மாவுக்கு ஒரே தம்பி, பந்திங்கில் இருந்தார். அந்த மாமாவுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் எங்கள் வீட்டுக்கு வந்து, தேத்தண்ணீர் குடித்து, ஊர்க்கதையெல்லாம் பேசி முடித்து, எழுந்து போகும்போதுதான் விஷயத்தைச் சொன்னார். கல்யாண டின்னரில் அம்மா கிட்டார் வாசிக்க வேண்டுமாம்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. படுக்கையறை அலமாரிக்கு மேல் ஒரு கறுப்புப் பையில் கிட்டார் இருப்பது எனக்குத் தெரியும். ஆனால் அது அப்பாவுடையது என்று நானாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். தனக்கு லோரியில் ஹார்ன் மட்டும்தான் அடிக்கத் தெரியும் என்று அவர் கையை விரித்தார். மிச்சத்தை மாமாதான் சொன்னார். தாத்தாவும் பாட்டியும் வேலைக்குப் போய்விட்ட வீட்டில், பள்ளி விட்டு வந்த தம்பியை எதிரில் உட்காரவைத்துக்கொண்டு அம்மா தினமும் வாசிப்பாராம். கல்யாணமாகி இங்கே வந்தபின் அந்தப் பை கீழே இறங்கவே இல்லையாம். பதினோரு வருஷம்.

அம்மா முடியாது என்றார். விரலெல்லாம் மறந்துபோயிருக்கும், நாலு பேர் முன்னால் மானம் போகும், கல்யாண வீட்டில் ஆயிரம் வேலை கிடக்கும் என்று அடுக்கிக்கொண்டே போனார். மாமா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்.

“நீ எனக்கு வேற ஒண்ணும் செய்ய வேணாம்க்கா. நம்ம பழைய பாட்டு, ஒரே ஒரு பாட்டு, அது போதும்லா.”

அவருடைய மோட்டார் சைக்கிள் தெருமுனை திரும்பியிருக்காது, அம்மா நாற்காலியை இழுத்துப்போட்டு அலமாரிமேல் கைவைத்துவிட்டார். முடியாது என்று அத்தனை காரணம் சொன்னவர் இவர்தானா என்று எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது.

கம்பிகள் துருப்பிடித்துக் கறுத்திருந்தன. அம்மா அவற்றை அழுத்தி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, இடது கை விரல்களை உதறிக்கொண்டார். நான் போய்ப் பார்த்தேன். நாலு விரல் நுனியிலும் சிவப்பாகக் கோடு விழுந்திருந்தது. துணியில் ஐஸ் சுற்றி அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மறுநாளும் அப்படியே. அடுத்த நாள் சுண்டுவிரல் கொப்பளித்துவிட்டது. இவ்வளவு வலிக்கிற ஒன்றை மனிதர்கள் ஏன் செய்கிறார்கள் என்று எனக்கு விளங்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை என்னையும் அழைத்துக்கொண்டு ரயிலேறிப் பிரிக்ஃபீல்ட்ஸில் இசைக்கருவிகள் விற்கும் ஒரு கடைக்குப் போனார். கடைக்கார அங்கிள் அம்மாவின் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், கிட்டாரையும் பார்த்தார். விரல் மேல் குற்றமில்லை, கம்பிதான் ரொம்ப உயரத்தில் நிற்கிறது என்று அதை இறக்கி, மெல்லிய கம்பியாகப் போட்டுக்கொடுத்தார். ஒரே மூச்சாக வாசிக்காமல் பத்துப் பத்து நிமிடமாக வாசிக்க வேண்டும், கொப்பளத்தைக் கிள்ளக்கூடாது, விரலைத் தண்ணீரில் ஊறவிடக்கூடாது என்றார். இதற்கு மேலும் ஏதோ முக்கியமாகச் சொன்னார். அதை நான் கேட்கவில்லை. கடை வாசலுக்கு எதிரே சுடச்சுட வடை போட்டுக்கொண்டிருந்தார்கள், நான் அதில் கண்ணாயிருந்தேன். கேட்டிருந்தால் இந்தக் கதையே நடந்திருக்காது.

அன்று முதல் வீட்டில் புதுச் சட்டம். பாத்திரம் அப்பாவும் நானும். துணி அலசுவது அப்பா. தேங்காய்ப்பால் பிழிவதும் புளி கரைப்பதும் நான். அந்தச் சமயம் பார்த்து, காலுக்கு வைத்தியம் பார்க்கவென்று செமினியிலிருந்து அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, எங்கள் வீட்டில் வந்து தங்கியிருந்தார். லோரி ஓட்டிவிட்டு வந்த தம்பி சட்டிபானை தேய்ப்பதைப் பார்த்து அவருக்கு வயிறு எரிந்தது. புளி கரைக்க வலது கை போதுமே, அதற்கும் இடது கை விரலுக்கும் என்ன சம்பந்தம் என்று ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டார். நியாயமான கேள்விதான். அம்மா, கல்யாணம் வரைக்கும்தானே அண்ணி, தம்பி ஆசைப்பட்டுக் கேட்டுவிட்டான் என்று பணிவாகச் சொல்லிவிட்டுக் கிட்டாரை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டார். தம்பி ஆசை என்றதும் அத்தையால் மேலே பேச முடியவில்லை. அவருக்கும் ஒரு தம்பி இருக்கிறாரே.

எனக்கு இதில் ஒரே ஒரு பதவி கிடைத்தது. அம்மா வாசித்து முடித்ததும் வலிக்கிற விரல்களுக்கு நான் பிளாஸ்டர் ஒட்டிவிடுவேன். அப்பா என்னை டாக்டரம்மா என்றுதான் கூப்பிட்டார். நானும் அந்தப் பதவியை ரொம்பப் பெரிதாக எடுத்துக்கொண்டேன். வாரங்கள் போகப்போக அம்மாவின் விரல் நுனிகள் தடித்து, மஞ்சள் பூத்து, மெழுகு மாதிரி ஆயின. ஒட்டும்போது தொட்டுப் பார்த்தால் எனக்குப் பயமாக இருந்தது. அதே நாட்களில்தான் அத்தை முற்றத்தில் காலை நீட்டிக்கொண்டு, இந்தத் தடித்த தோல்தான் என் உயிரை வாங்குகிறது, இது போனால்தான் வலி போகும் என்று கால் ஆணிக்குப் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தார். நடுவில் சிவப்பு மருந்து வைத்த சின்னச் சின்னப் பிளாஸ்டர். இரண்டு நாளில் அந்த இடத்துத் தோல் வெளுத்து உரிந்து வந்ததை நானே பார்த்தேன்.

டாக்டருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அத்தைக்கும் தடித்த தோல், அம்மாவுக்கும் தடித்த தோல். கல்யாணத்துக்குச் சரியாக ஒரு வாரம் இருந்தது. டின்னரன்று அம்மா வலியில்லாமல் வாசிக்க வேண்டும் என்று, சத்தியமாக அந்த ஒரே எண்ணத்தில், அத்தையின் பெட்டியிலிருந்து நாலு பிளாஸ்டரை எடுத்தேன். சனிக்கிழமை மதியம் அம்மா சோபாவில் கண்ணை மூடிப் படுத்திருந்தார். விரலுக்கு ஒன்றாக மருந்தை வைத்து, அது நழுவாமல் மேலே வழக்கமான பிளாஸ்டரைச் சுற்றிவிட்டேன். அம்மா கண்ணைத் திறக்காமலே என் கன்னத்தைத் தட்டிக்கொடுத்தார். அன்று மாலை மாமாவோடு மிச்சமிருந்த அழைப்பிதழ்களைக் கொடுக்க வீடு வீடாகச் சுற்றியதில் அவற்றைக் கழற்ற மறந்தே போனார்.

மறுநாள் காலை பிளாஸ்டரை இழுத்தபோது தோலும் சேர்ந்து வந்தது. நாலு விரலிலும் இரண்டரை மாதம் கட்டிய தோல் ஊறிப்போன காகிதம் போல வெளுத்துக் கழன்று, உள்ளே ரோஜா நிறத்தில் புதுத்தோல் தெரிந்தது. மருந்து வெற்றி என்று நான் துள்ளிக் குதித்தேன். என்ன செய்தேன், எந்தப் பெட்டியிலிருந்து எடுத்தேன் என்று பெருமையாக எல்லாவற்றையும் சொல்லவும் சொன்னேன். அம்மா கட்டைவிரலால் ஒவ்வொரு நுனியாகத் தடவிப் பார்த்தார். பிறகு அழுதார்.

கொப்பளித்தபோது அழாதவர், ரத்தம் கட்டியபோது அழாதவர், இப்போது என் முன்னால் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார். வலிக்கிறதா என்று கேட்டேன்.

“வலிக்கலம்மா,” என்றார். “பழையபடி மெத்துனு ஆயிடுச்சு. வலிக்கவே இல்ல.”

வலி இல்லாததற்கு ஒருவர் அழுவாரா? நானும் அழ ஆரம்பித்தேன். அப்போதுதான், அந்த அங்கிள் சொல்லி நான் கேட்காமல் விட்டதை அம்மா எனக்குச் சொன்னார். விரல் நுனியில் தோல் காய்த்தால்தான் கம்பி அதை அறுக்காது, அந்தத் தோலுக்காகத்தான் இத்தனை நாள் பொறுத்துக்கொண்டது என்றார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் தேவலாம் போல இருந்தது.

சத்தம் கேட்டு அத்தை வந்தார். அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு, தான்தான் பெட்டி மாற்றி எடுத்து ஒட்டிக்கொண்டதாகச் சொன்னார். மாமாவிடமும் அதையே சொன்னார். அப்பாவுக்கு மட்டும் உண்மை தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் அந்த வாரம் முழுக்க அவர் என்னை டாக்டரம்மா என்று கூப்பிடவில்லை. அத்தை அம்மாவின் கையைப் பார்த்து உச்சுக்கொட்டிவிட்டு, சரி விடு, இனிமேலாவது அந்தப் பாத்திரத்தைத் தேய்க்கலாம் அல்லவா என்றார். அப்பா சமையலறையிலிருந்து தலையை மட்டும் நீட்டினார்.

“எல்லாம் கழுவியாச்சுக்கா. நீங்க போய் உக்காருங்க.”

அம்மா பிரிக்ஃபீல்ட்ஸ் அங்கிளுக்குப் போன் செய்தார். அவர் சிரித்தாராம். மூன்று நாள் கிட்டாரைத் தொடவே வேண்டாம், நான்காம் நாள் எல்லாக் கம்பியையும் அரைச் சுருதி தளர்த்தி வைத்துக்கொள்ளுங்கள், அழுத்தம் குறையும், ஆறு கம்பியையும் ஒரே விரலால் அழுத்துகிற பிடியை மட்டும் விட்டுவிடுங்கள், பாட்டு ஒன்றும் கோபித்துக்கொள்ளாது என்றாராம். மூன்று நாளும் அம்மா கம்பியில்லாமல், மேசை விளிம்பிலும் தன் வலது முன்கையிலும் விரலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தார். வியாழக்கிழமை மாலை பின்பக்கம் சத்தம் கேட்டது. போகலாமா வேண்டாமா என்று தெரியாமல் கதவுக்கு இந்தப் பக்கமே நின்றேன். இரண்டு வரிதான். பிறகு விரலை உதறுகிற சத்தம். பிறகு மறுபடியும் அதே இரண்டு வரி.

டின்னர் கிள்ளானில் ஒரு மண்டபத்தில். சும்மா சொல்லக்கூடாது, சாப்பாடு பிரமாதம். ஆகவே அம்மா மேடையேறி நாற்காலியில் உட்கார்ந்தபோது முக்கால்வாசிப் பேர் ஆட்டுக்கறியில் மும்முரமாக இருந்தார்கள். பட்டுப்புடவையும் கிட்டாருமாக அம்மா எனக்கு யாரோ போலத் தெரிந்தார். முதல் அடி நன்றாக வந்தது. இரண்டாம் அடியில் விரல் நழுவிக் கம்பி கரகரத்தது. அம்மா நின்றுவிட்டார். மண்டபத்தில் மற்றவர்களுக்குத் தெரியாது, இது என்னால் வந்தது என்று எனக்குத் தெரியும். கோட்டும் மாலையுமாக இருந்த மாமா எழுந்து அம்மாவின் நாற்காலிப் பக்கத்தில் போய்த் தரையிலேயே சப்பணமிட்டு உட்கார்ந்துகொண்டார். மைக்கை வாங்கி விட்ட இடத்திலிருந்து பாடினார். சுருதி இறங்கியிருந்ததால் அவர் குரலுக்கு அது எட்டியது. அம்மா அவரைப் பார்த்துக்கொண்டே கடைசிவரை வாசித்தார். கைதட்டல் சுமார்தான். ஆனால் அம்மா இறங்கி வந்தபோது இருந்த முகத்தை நான் அதற்குமுன் அவரிடம் பார்த்ததே இல்லை. அத்தை அந்த முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கழுத்துச் சங்கிலி திருகியிருந்தது, போகும்போதே சொல்ல நினைத்தேன் என்றார். பிறகு அம்மாவின் இடது கையைப் பிடித்து நாலு விரலையும் ஊதிவிட்டார்.

கல்யாணம் முடிந்தது. அத்தையும் கால் சரியாகிச் செமினிக்குப் போய்விட்டார். நான் என் பங்குக்கு விடுதலை வந்துவிட்டது என்று நிம்மதியாக இருந்தேன். இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிறு, மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அம்மா கைப்பையிலிருந்து புதிதாக ஒரு கட்டுக் கிட்டார்க் கம்பியை எடுத்துப் பிரித்தார். அப்பா தட்டுகளை அடுக்கித் தூக்கிக்கொண்டு போனார். நான் அம்மாவையும் கம்பியையும் மாறி மாறிப் பார்த்தேன். எங்கள் குடும்பத்தில் கல்யாண வயதில் இன்னும் யார் யார் இருக்கிறார்கள் என்று மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன், ஒருவரும் அகப்படவில்லை.

“இப்ப யாருக்கும்மா கல்யாணம்?” என்று கேட்டேன்.

அம்மா சிரித்தார். சமையலறையில் தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு அப்பாவும் சிரித்தார். நான் கேட்டதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு ரொம்பக் கோபம் வந்தது.